மஞ்சள் பெட்டியும் ஒரு விபத்துப் படிவமும்



வழமையாக இந்த நேரத்தில் வரிப் படிவம், ஓய்வூதியம், வீட்டுக்கடன் வட்டி என்று நான் கணக்கு வழக்குகளைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கும் ஒரு கணக்குத்தான். ஆனால் பவுண்ஸ் கணக்கு அல்ல, ஊசிக் கணக்கு.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழா பற்றிக் கதைப்பதற்காக நிர்வாகக் குழு அண்மையில் கூடியது. நான் அங்கே பொருளாளர். ஒவ்வொரு வருடமும் விழாவில் நாலைந்து பேருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். பெரும்பாலும் வைத்திய நிபுணர்கள், சட்டத்தரணிகள், பெரிய கடை முதலாளிமார். இந்த முறை ஒரு தங்கச்சி நல்லதொரு யோசனை சொன்னார். வைத்தியசாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்கிற எங்களுடைய ஆட்களில், கூட வேலை செய்கிறவர்களுக்கு ஊசி குத்தாமல், கத்தி வெட்டாமல் பார்த்துக்கொண்டவர்களைத் தேடிக் கௌரவிப்போம் என்றார். எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டபோது ஒருவர் உடனே சொன்னார்: "சுகமான வேலை. எந்த வார்ட்டில் ஒரு வருடமாக ஒரு ஊசிக்காயமும் இல்லையோ, அந்த வார்ட்டுக்குப் பொறுப்பான எங்கடை பிள்ளைக்குக் கொடுப்போம்."

நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஏன் என்று அந்தக் கூட்டத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்த நேரம் கிடைக்கவில்லை. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

என் மனைவியின் தங்கை எனக்கு மச்சாள் முறை. அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். 2009ஆம் ஆண்டு அவர் ஒரு துப்புரவு ஒப்பந்தக் கம்பனி மூலம் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். அந்த ஏப்ரல் மாதம் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாமியும் இளைய மைத்துனனும் வன்னிக்குள் இருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. பகலில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்பார். இரவில் வேலைக்குப் போவார். நித்திரை எப்போது கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு இரவு ஒரு வார்ட்டில் குப்பைப் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பை தொடையில் உரசியது. ஏதோ சுருக்கென்று குத்தியது. பார்த்தால் பைக்குள்ளிருந்து ஒரு ஊசி முனை நீட்டிக்கொண்டிருந்தது. குளியலறைக்குப் போய்க் கழுவி, பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார். யாருக்கும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். முதலாவது, விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. படிவத்தில் பெயர் எழுதினால், இரத்தம் சோதித்தால், அது ஹோம் ஒபிஸுக்குப் போகும் என்று நினைத்திருக்கிறார். அப்படிப் போவதில்லை. ஆனால் பெயர் எழுதப்பட்ட பட்டியல்களால் என்ன நடக்கும் என்று ஊரில் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அது வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது, எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போனார் என்று ஆட்கள் கதைப்பார்கள் என்ற பயம். மூன்றாவது காரணம்தான் கணக்காளனான என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தக் கம்பனியின் ஓய்வறையில் ஒரு பலகை இருந்ததாம். 'விபத்து இல்லாத நாட்கள்' என்று தலைப்பு. கீழே ஒரு இலக்கம். மாதம் முழுவதும் விபத்து இல்லையென்றால் அந்தக் குழுவில் எல்லோருக்கும் கடையில் சாமான் வாங்க ஒரு வவுச்சர். அன்றைக்குப் பலகையில் 87 என்று இருந்தது. தன்னால் எல்லோருடைய வவுச்சரும் போய்விடும் என்று இவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது விளங்குகிறதா, விபத்தே இல்லாத வார்ட்டுக்குப் பரிசு கொடுக்க வேண்டாம் என்று நான் ஏன் சொன்னேன் என்று?

மூன்றாம் இரவு மச்சாள் அந்த வார்ட்டின் மூத்த தாதி ஒருவரிடம், இங்கே இருக்கிற நோயாளிகளுக்கு இரத்தத்தால் தொற்றும் வருத்தம் ஏதும் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார். கரிபியன் தீவொன்றிலிருந்து வந்த அம்மா அவர், ஓய்வு பெறுகிற வயது. கேள்வியைக் கேட்டவுடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மச்சாளைக் கதிரையில் இருத்தி, எங்கே குத்தியது, எப்போது என்று விசாரித்திருக்கிறார். தானே விபத்துப் படிவத்தை எடுத்து வந்து, பக்கத்தில் இருந்து நிரப்பினார். இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு பெட்டியாக விளங்கப்படுத்தினார். அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்பிவைத்தார்.

ஊசி யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எச்.ஐ.வி. ஆபத்து மிகக் குறைவு, அதற்கான மாத்திரை தேவையில்லை என்று வைத்தியர் முடிவெடுத்தார். ஹெப்பரைற்றிஸ் பி தடுப்பூசியை உடனே தொடங்கினார்கள். வேலைக்குச் சேர்ந்தபோதே போட்டிருக்க வேண்டிய ஊசி அது. ஒருவரும் போடவில்லை. பிறகு ஆறு மாதம் இடையிடையே இரத்தப் பரிசோதனை. அந்த ஆறு மாதமும் தன் கோப்பையை வேறாக வைத்திருந்தார். கோப்பையால் அந்த வருத்தங்கள் எதுவும் தொற்றாது என்று வைத்தியர் சொல்லியும் கேட்கவில்லை. மாமி செட்டிகுளம் முகாமில் இருக்கிறார் என்று ஜூன் மாதம் தகவல் வந்தது. ஒக்ரோபரில் இவருடைய கடைசிப் பரிசோதனையும் ஒன்றுமில்லை என்று வந்தது. அதற்குப் பிறகுதான் கோப்பைகள் ஒன்றாகின.

அந்த மூத்த தாதி செய்த இன்னொரு வேலையும் இருக்கிறது. என் கண்ணுக்கு அதுதான் பெரியது. பாவித்த ஊசிகளைப் போடுகிற மஞ்சள் பெட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த அறையில் அது கதவுக்குப் பின்னால் மூலையில் இருந்தது. கோட்டுக்கு மேலேயும் நிரம்பியிருந்தது. அவசரத்தில் யாரோ கிட்ட இருந்த குப்பைப் பைக்குள் ஊசியைப் போட்டுவிட்டார்கள். பெட்டியைக் கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள் என்று அந்த அம்மா முன்பே மூன்று தரம் வாயால் கேட்டிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை மச்சாளுடைய படிவத்தின் இலக்கத்தைப் போட்டு எழுத்தில் கேட்டார். இரண்டு கிழமைக்குள் பெட்டி இடம் மாறியது.

கணக்குப் பதிவில் நாங்கள் முதலாவதாகப் படிப்பது இதைத்தான்: பற்றுச்சீட்டு இல்லாத செலவு புத்தகத்தில் ஏறாது. புத்தகத்தில் ஏறாத நட்டத்தை எந்த முகாமையாளரும் நிறுத்தப் போவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் இலக்கம் பூச்சியத்துக்குப் போனது. வவுச்சரும் போனது. கூட வேலை செய்த இரண்டு பேர் பல கிழமைகளாக மச்சாளோடு கதைக்கவில்லை. அதில் ஒருவர் தமிழ்.

இனி ஊசிக் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜனின் ஜாகர் என்று ஒரு ஆய்வாளர். முன்பு வீதி விபத்துகளில் தலையில் படும் காயங்களைப் பற்றி ஆராய்ந்தவர். 1988இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழக வைத்தியசாலையில் 10 மாதங்களில் பதிவான 326 ஊசிக்காயங்களை எடுத்து, எந்தச் சாதனத்தால் குத்தியது என்று பிரித்துப் பார்த்தார்கள். சாதாரண சிறிஞ்சால்தான் ஆகக் கூடுதலாக, நூற்றுக்கு 35 வீதம். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் 'சிறிஞ்சு ஆபத்தானது, கவனம்' என்று ஒரு சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அவர்கள் நிறுத்தவில்லை. கொள்வனவுப் பிரிவுக்குப் போய், ஒவ்வொரு சாதனமும் எத்தனை வாங்கப்பட்டது என்ற கணக்கை எடுத்து, காயத்தின் எண்ணிக்கையை அதனால் வகுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சக கணக்காளரைச் சந்தித்த சந்தோசம். இரண்டு கடைகளை வைத்து யோசித்துப் பாருங்கள். ஒன்றில் மாதம் பத்துப் போத்தல் உடைகிறது, மற்றதில் நாலு. பத்து உடைகிற கடை பத்தாயிரம் போத்தல் விற்கிறது, நாலு உடைகிற கடை ஐந்நூறுதான் விற்கிறது. எந்தக் கடை முதலாளி கவலைப்பட வேண்டும்?

அப்படி வகுத்தபோது படம் தலைகீழானது. வாங்கிய ஒரு லட்சம் சிறிஞ்சுக்கு 6.9 காயம், எல்லாவற்றிலும் குறைவு. சேலைன் குழாயோடு ஊசியைப் பொருத்திப் பாவிக்கிற அமைப்புக்கு ஒரு லட்சத்துக்கு 36.7. ஐந்து மடங்குக்கும் மேல். பாவித்த பிறகு கையால் கழற்ற வேண்டிய சாதனங்கள்தான் கூடுதலாகக் குத்தின. காயங்களில் மூன்றில் ஒரு பங்கு, பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது ஏற்பட்டவை.

திரும்ப மூட வேண்டாம் என்று தாதியருக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் கழற்ற வேண்டிய ஊசி, திறந்த முனை, பெட்டியோ தூரத்தில், கையில் வேறு சாமான். மூடாமல் கொண்டுபோனால் இன்னொருவரைக் குத்தும் என்றுதான் பலர் மூடினார்கள். ஆகவே ஆளைத் திட்டிப் பிரயோசனமில்லை, சாதனத்தை மாற்றுங்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் செய்தி. பாவித்தவுடன் முனை தானாக உள்ளே போகிற, அல்லது உறை வந்து மூடிக்கொள்கிற ஊசிகள் இன்று பல இடங்களில் இருக்கின்றன. அந்த மாற்றத்துக்குப் பின்னால் இந்த வகுத்தல் கணக்கும் இருக்கிறது. 2002இல் அவருக்கு மக்ஆதர் நிதிய விருது கிடைத்தது.

கணக்கு மட்டும் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. பொஸ்டன் நகரில் கரன் டேலி என்ற தாதி, அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். 1998 ஜூலையில் ஒரு நோயாளியிடம் இரத்தம் எடுத்துவிட்டு, ஊசியைச் சுவரில் இருந்த பெட்டிக்குள் போடும்போது, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஊசி விரலில் குத்தியது. சில மாதங்களில் எச்.ஐ.வி.யும் ஹெப்பரைற்றிஸ் சியும் இரண்டும் தொற்றியிருப்பது தெரியவந்தது. தான் விரும்பிச் செய்த வேலையை விட வேண்டி வந்தது. அவர் ஒளிக்கவில்லை. பெயரையும் முகத்தையும் காட்டி அமெரிக்க காங்கிரஸின் முன் சாட்சியம் சொன்னார். 2000 நவம்பர் 6ஆம் திகதி ஜனாதிபதி கிளிண்டன் ஊசிக்காயத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவரும் அங்கே இருந்தார். பின்னர் 2010 முதல் 2014 வரை அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அந்தச் சட்டத்தில் இரண்டு விசயம் எனக்குப் பிடித்தது. ஒன்று, ஒவ்வொரு ஊசிக்காயத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும், எந்தச் சாதனம் என்பதும் சேர்த்து. மற்றது, எந்த ஊசி வாங்குவது என்று தீர்மானிக்கும்போது அதைக் கையால் பாவிக்கிற ஊழியரைக் கேட்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த 2001இல் ஊசிக்காயங்கள் ஏறத்தாழ 38 வீதம் குறைந்தன என்று 2012இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதிலும் ஜாகர் ஒருவர்.

நாங்கள் இருக்கிற பிரித்தானியாவில் இதற்கென்று தனியான ஒழுங்குவிதிகள் 2013 மே 11இல்தான் வந்தன, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆணையைப் பின்பற்றி. தேவையில்லாத இடத்தில் ஊசி பாவிக்கக் கூடாது. முடிந்த இடமெல்லாம் பாதுகாப்பான ஊசி பாவிக்க வேண்டும். பெட்டி வேலை நடக்கும் இடத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். காயம் பட்டால் முதலாளி பதிவு செய்து விசாரிக்க வேண்டும். காயம் பட்ட ஊழியரும் கூடிய விரைவில் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன்: அறிவிப்பது ஊழியரின் சட்டக் கடமை. அறிவித்தால் வேலை போகும் என்று பயப்படுகிற எங்கள் அக்கா தங்கச்சிமார் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவம் முக்கிய தொழிலாக இல்லாத சில முதியோர் இல்லங்களுக்கு இந்த விதிகள் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பொதுவான தொழிற் பாதுகாப்புச் சட்டம் அங்கேயும் உண்டு. இது எங்களுக்கில்லை என்று ஒரு முகாமையாளர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்பீர்கள். தொற்றுள்ள ஒருவருடைய இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசியோ மருந்தோ எடுக்காதவருக்கு ஹெப்பரைற்றிஸ் பி மூன்றில் ஒருவர் வரைக்கும் தொற்றலாம், சி முப்பதில் ஒருவருக்கு, எச்.ஐ.வி. முந்நூறில் ஒருவருக்கு. நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு இது. சிக்கு அதைவிடக் குறைவு என்று பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. பிக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. சியை இன்று சில மாத மாத்திரையால் பெரும்பாலும் முற்றாகக் குணமாக்கலாம். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மாத்திரை உண்டு, ஆனால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் நாளிலேயே, முடிந்தால் முதல் சில மணித்தியாலத்திலேயே தொடங்குவது நல்லது. மச்சாள் ஒளித்து வைத்தது இரண்டு முழு நாட்கள். எவ்வளவு நேரத்தைத் தொலைத்தார் என்று நீங்களே பாருங்கள்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது: காயத்தை ஓடுகிற தண்ணீரில் பிடித்து இரத்தம் வழிய விடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். துடைத்துக் கட்டுப் போடுங்கள். உடனே பொறுப்பானவருக்குச் சொல்லுங்கள். இரவென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குப்பைப் பையை உடம்போடு அணைத்துத் தூக்காதீர்கள், கழுத்தில் பிடித்து விலக்கித் தூக்குங்கள்.

இதற்கு எங்கள் வீட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. எங்களுடைய ஆட்களில் சீனி வருத்தம் இல்லாத குடும்பம் குறைவு. இன்சுலின் போட்ட ஊசியை எங்கே போடுகிறோம்? பால் போத்தலுக்குள் போட்டுக் குப்பைப் பையில் கட்டிவிடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வீடும் ஒரு காலத்தில் அப்படித்தான். அப்பாவுக்கு நான்தான் ஊசி போடுவேன். மச்சாளுக்குக் குத்திய பிறகுதான் அந்தப் பையை யார் தூக்குகிறார்கள் என்று யோசித்தேன். குடும்ப வைத்தியரிடம் கேட்டால் மஞ்சள் பெட்டியை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருவார். நிரம்பினால் எங்கே கொடுப்பது, யார் வந்து எடுப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதையும் அவரிடமோ உள்ளூராட்சிக் கவுன்சிலிலோ கேளுங்கள்.

திரும்பவும் பொன்னாடைக்கு வருகிறேன். கூட்டம் இரண்டாம் முறை கூடியபோது இந்தக் கதையை எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். விபத்தில்லாத வார்ட் என்ற யோசனையைச் சொன்னவரே முதலில் ஒத்துக்கொண்டார். அவருடைய மகளும் தாதி. வீட்டில் கேட்டிருக்கிறார். தனக்கு இரண்டு தரம் குத்தியதாகவும் ஒன்றைத்தான் எழுதியதாகவும் மகள் சொன்னாராம். தகப்பனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

ஆகவே தெரிவு இப்படி இருக்கப் போகிறது. காயம் இல்லாத இடத்தை நாங்கள் தேடவில்லை. பெட்டியை இடம் மாற்ற வைத்தவர், பழைய ஊசியை வாங்க வேண்டாம் என்று எழுத்தில் கேட்டவர், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தடுப்பூசி போட வைத்தவர், பயந்து நிற்கிற ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுத்தவர், தனக்குக் குத்தியதை மறைக்காமல் சொன்னவர் என்று பார்க்கிறோம். வைத்தியராக இருக்கலாம், சலவைப் பகுதியில் வேலை செய்கிறவராகவும் இருக்கலாம். தமிழராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு அப்படி ஒருவரைத் தெரிந்தால் அவர் செய்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதி எங்கள் வானொலி நிலையத்துக்கு மாத முடிவுக்குள் அனுப்புங்கள். அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நோயாளிகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.

அந்தக் கரிபியன் அம்மாவைத் தேடினோம். ஓய்வு பெற்றுத் தன் தீவுக்கே போய்விட்டாராம். மச்சாள் இப்போது இன்னொரு வைத்தியசாலையில் துப்புரவு மேற்பார்வையாளர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் இரவே படிவம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுவாராம். விழாவுக்கு உம்முடைய பெயரையும் கொடுக்கவா என்று கேட்டேன். "சும்மா இருங்கோ அத்தான்" என்றார்.

அடுத்த மாதம் வழமைபோல வரிப் படிவத்தோடு வருகிறேன்.